விலங்குப் படங்களும் நம் கண்ணீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விலங்குகளை மையமாகக் கொண்ட திரைப்படங்களைப் பார்த்துக் கலங்குகிறவர்கள் அதைச் சற்று வெட்கத்தோடுதான் வெளியே சொல்கிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தரப்பட்டுள்ளன. சில படங்களின் முடிவுகள் இவற்றில் வெளிப்பட்டுவிடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மனிதர்கள் மடியும் காட்சிகளைச் சலனமின்றிப் பார்க்கும் நான், ஒரு நாய் இறந்தால் மட்டும் தேம்பி அழுகிறேன். எனக்கு மனிதர்கள் மீது அன்பில்லை என்பதையா இது காட்டுகிறது?

இல்லை. ஒரு மனிதப் பாத்திரம் துன்புறும்போது நாம் அறிந்தோ அறியாமலோ ஒரு வழக்கை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். இவர் இதற்கு முன் என்ன செய்தார், இதைத் தவிர்த்திருக்க முடியாதா, இவருக்கு இது வேண்டியதுதானா என்றெல்லாம் மனம் கணக்குப் போடுகிறது. விலங்கின் முன் அந்த விசாரணைக்கு இடமே இல்லை. நாய் யாரையும் ஏமாற்றியிருக்காது. குதிரை எந்தப் போரையும் தொடங்கியிருக்காது. தனக்கு நேர்வது ஏன் நேர்கிறது என்று அதற்குத் தெரியாது. தெரிந்தாலும் எடுத்துச் சொல்ல மொழி கிடையாது. குற்றமும் இல்லை, முறையிட வழியும் இல்லை என்னும் நிலையில் இரக்கத்தைத் தடுத்து நிறுத்த எதுவும் இருப்பதில்லை. கைக்குழந்தையின் துன்பம் நம்மை உலுக்குவதற்கும் இதுவே காரணம்.

அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஓர் ஆய்வு இதை ஒட்டியே அமைந்தது. கொடிய தாக்குதல் ஒன்றைப் பற்றிய கற்பனைச் செய்தி ஒவ்வொருவருக்கும் தரப்பட்டது. தாக்கப்பட்டது ஒரு வயதுக் குழந்தை, வளர்ந்த மனிதர், நாய்க்குட்டி, வளர்ந்த நாய் என்று செய்திக்குச் செய்தி மாறியது. மற்ற மூவரையும்விட வளர்ந்த மனிதருக்கே இரக்கம் குறைவாகக் கிடைத்தது. நாயா மனிதரா என்பதைவிட, தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாதவர் யார் என்பதே மாணவர்களின் மனத்தில் எடைபோடப்பட்டதாகத் தோன்றுகிறது.

இதில் திரைப்படங்களின் பங்கும் உண்டு. பெயரில்லாத அடியாட்கள் வரிசையாக விழும்போது யாரேனும் அழ வேண்டும் என்று சண்டைப் படங்கள் எதிர்பார்ப்பதே இல்லை. அதே படத்தில் கதாநாயகனின் நாய்க்கு ஓர் அடி விழுந்தால் அரங்கமே அமைதியாகிவிடுகிறது. இதற்கு உங்கள் மனத்தைவிடத் திரைக்கதையே அதிகம் பொறுப்பேற்க வேண்டும்.

எல்லாம் நடிப்பு, பயிற்சியாளர் பக்கத்தில்தான் நிற்கிறார் என்று தெரிந்தும் அழுகை வருவது ஏன்?

தெரிந்திருப்பது வேறு, உணர்வது வேறு. 1944இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்னும் உளவியலாளர்கள் ஒரு சிறு அசைவுப்படத்தைக் காட்டி, பார்த்ததை விவரிக்கச் சொன்னார்கள். படத்தில் இருந்தவை ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு சிறிய வட்டம், திறந்து மூடும் ஒரு கட்டம் ஆகியவை மட்டுமே. பார்த்தவர்களோ கொடுமைக்காரன் என்றும், அஞ்சி ஒளிகிறவள் என்றும், காப்பாற்ற ஓடி வருகிறவன் என்றும் கதை சொன்னார்கள். நகர்கின்ற எதிலும் நோக்கத்தையும் உணர்ச்சியையும் காணும் இயல்பு நமக்குள் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. முக்கோணத்துக்கே மனம் இருப்பதாகக் கொள்ளும் நாம், மூச்சு வாங்கி, வாலாட்டி, திரும்பிப் பார்க்கும் ஓர் உயிரின் முன் கல்லாக இருந்தால்தான் வியப்பு.

திரையில் அந்த விலங்கின் முகத்தில் தெரியும் துயரம் உண்மையில் அதனுடைய துயரம்தானா?

பெரும்பாலும் இல்லை. இந்தக் கேள்வி விரிவாகப் பேசத் தக்கது, ஏனெனில் இவ்வகைப் படங்களின் கலைநுட்பம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் செய்து பார்த்த சோதனை திரைக்கலை பயில்வோர் அனைவரும் அறிந்தது. எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை அவர் ஒருமுறை சூப் கிண்ணத்துக்கு அடுத்தும், இன்னொரு முறை சவப்பெட்டிக்கு அடுத்தும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்களுக்கு முதலில் பசியும் அடுத்துத் துக்கமும் அந்த ஒரே முகத்தில் தெரிந்தன. மனித நடிகர் ஒருவர் இப்படி வெறுமையான முகத்தைத் தருவதற்கு முயற்சி செய்ய வேண்டும். விலங்குக்கு அது இயல்பாகவே வருகிறது. வாசலைப் பார்க்கும் நாயின் அண்மைக்காட்சியும், காலியான நாற்காலியும், மெல்லத் தொடங்கும் ஒற்றை வயலினும் அடுத்தடுத்து வந்தால் நாம் பிரிவை உணர்கிறோம். படப்பிடிப்புத் தளத்தில் அந்த நாய் பார்த்துக்கொண்டிருந்தது, ஒளிப்பதிவுக் கருவிக்குப் பக்கத்தில் தின்பண்டத்தோடு நின்ற பயிற்சியாளரைத்தான்.

நாய்க்கு மட்டும் கூடுதலாக ஒரு வசதி உண்டு. கண்ணின் உட்பக்கப் புருவத்தை உயர்த்தும் தசை நாய்களில் நன்கு வளர்ந்திருப்பதையும், ஓநாய்களில் அது அவ்வாறு இல்லாததையும் 2019இல் வெளியான உடற்கூற்று ஆய்வு ஒன்று காட்டியது. புருவம் அப்படி உயரும்போது கண் பெரிதாகவும் முகம் வாட்டமாகவும் நமக்குத் தோன்றுகிறது. மனிதரோடு வாழ்ந்த பல்லாயிரம் ஆண்டுகளில், அந்த முகத்தை விரும்பியவர்கள் அத்தகைய நாய்களையே அதிகம் பேணியிருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அந்த அசைவு ஒவ்வொரு முறையும் துயரத்தைக் குறிக்கிறது என்பதற்குச் சான்றில்லை.

இதனால் விலங்குகளுக்குத் துயரமே கிடையாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2018இல் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் ஓர் ஓர்க்கா திமிங்கிலம், பிறந்த சிறிது நேரத்தில் இறந்துவிட்ட தன் குட்டியைத் தலையில் தாங்கியபடி 17 நாட்கள் நீந்தியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிரிந்திருந்த உரிமையாளரை மீண்டும் சந்திக்கும்போது நாயின் கண்ணில் நீரின் அளவு கூடுவதாக 2022இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். எனினும் உணர்ச்சி மிகுந்து கண்ணீர் வழிய அழுவது மனிதர்களிடம் மட்டுமே உறுதியாக அறியப்பட்டிருக்கிறது. விலங்கு துயருறலாம், திரையில் நாம் காணும் குறிப்பிட்ட நொடியில் அது துயருறுகிறது என்பதைத்தான் படத்தை நம்பி ஏற்க முடியாது. நம் கண்ணீர் நம்மைப் பற்றி உண்மை பேசுகிறது. அந்த விலங்கைப் பற்றி அது எந்தத் தகவலையும் தருவதில்லை.

எத்தகைய காட்சிகள் அதிகம் அழவைக்கின்றன? இறப்புதான் எப்போதும் காரணமா?

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகை பிறக்கும் இடங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கைச் சொல்கிறது. பிறரால் இகழப்பட்டு எளிமைப்படுவது இளிவு. உற்றாரையோ இன்பம் தந்தவற்றையோ இழப்பது இழவு. முன்பிருந்த நல்ல நிலை கெட்டுத் தளர்வது அசைவு. துய்க்க வழியின்றி ஏங்குவது வறுமை. விலங்குப் படங்களை மனத்தில் வைத்து இந்த வரிசையைப் படித்தால், திரைக்கதை ஆசிரியர்கள் இதை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினார்களோ என்று ஐயம் எழுகிறது. வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் முன் சங்கிலியோடு ஆட்டப்படும் கரடி, தாயைத் தேடும் மான்குட்டி, பந்தயங்களில் வென்றபின் பாரவண்டி இழுக்கும் குதிரை, மூடிய கதவுகளின் முன் பசியோடு நிற்கும் தெருநாய் என்று நான்குக்கும் எடுத்துக்காட்டுகள் தாமாகவே நினைவுக்கு வருகின்றன. கவனித்தால், நான்கில் ஒன்றுதான் இறப்போடு நேரடித் தொடர்புடையது.

2023இல் ஆஸ்கர் விருது பெற்ற ‘தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணக் குறும்படத்தில், தாயை இழந்த ரகு என்னும் யானைக்குட்டியை வளர்த்த தம்பதியரிடமிருந்து அது வேறொரு பராமரிப்பாளரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அந்த யானை இறக்கவில்லை, துன்புறுத்தப்படவும் இல்லை. ஆயினும் பார்த்தவர்களில் பலர் கலங்கியது அந்த இடத்தில்தான்.

நான்கிலும் சேராத ஐந்தாவது ஒன்றும் உண்டு. என் கணிப்பில் அதுவே எல்லாவற்றையும்விட வலிமையானது. நெடுநாள் பிரிந்திருந்த விலங்கு தன் மனிதரை அடையாளம் கண்டு ஓடி வரும் மறுசந்திப்புதான் அது. மகிழ்ச்சியிலும் கண்ணீர் பெருகும் என்பதைப் பழந்தமிழ்ப் புலவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். உவகைக் கலுழ்ச்சி என்று புறப்பாடல்களில் அதற்கு ஒரு துறையே இருக்கிறது. ஓர் உறவு நம் கண்முன் திடீரென்று நெருக்கமடையும்போது நெஞ்சு நெகிழ்கிறது என்று மானிடவியலாளர் ஆலன் ஃபிஸ்க்கும் அவருடைய குழுவினரும் விளக்குகிறார்கள். விலங்கின் மறுசந்திப்பில் அந்த நெருக்கம் எந்தக் கேள்வியும் இன்றி, இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்ற குற்றச்சாட்டும் இன்றி நிகழ்கிறது. மனிதர்களுக்கு இடையே அப்படிப்பட்ட வரவேற்பு அரிது என்பது நமக்குத் தெரியும்.

அழுதபின் மனம் லேசாகும் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மைதான், ஆனால் உடனே அல்ல. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், திரைப்படம் பார்க்கும் முன்பும் பார்த்தபின் மூன்று வேளைகளிலும் பங்கேற்றோரின் மனநிலை அளவிடப்பட்டது. பயன்படுத்தப்பட்ட இரு படங்களுள் ஒன்று, இறந்துபோன தன் மனிதருக்காகக் காத்திருந்த ஹாச்சி (ஹாச்சிகோ) என்னும் நாயின் கதை. அழாதவர்களின் மனநிலை ஏறக்குறைய மாறாமலே இருந்தது. அழுதவர்களின் மனநிலை படம் முடிந்தவுடன் தெளிவாகத் தாழ்ந்தது. 20 நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பியது. 90 நிமிடங்களுக்குப் பின் படம் பார்ப்பதற்கு முன்பிருந்ததைவிடவும் மேம்பட்டிருந்தது. எனவே அரங்கைவிட்டு வெளியேறும்போது கனமாக இருப்பதை வைத்து, பார்த்திருக்கவே கூடாது என்று முடிவு செய்ய வேண்டியதில்லை.

நாய்க்கும் யானைக்கும் அழுகிறோம். மீனுக்கும் பூச்சிக்கும் அப்படி அழுவதில்லையே, ஏன்?

பெரிய கண்கள், உயர்ந்த நெற்றி, உருண்ட கன்னம், குட்டையான கைகால்கள் ஆகிய குழந்தைச் சாயல்கள் பேணும் உணர்வைத் தூண்டுகின்றன என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943இல் எழுதினார். அந்தச் சாயல் உள்ள விலங்குகளுக்கு நம் இரக்கத்தில் முன்னுரிமை கிடைத்துவிடுகிறது. அசைவுப்படக் கலைஞர்கள் மீனுக்கும் எறும்புக்கும் முன்னோக்கும் பெரிய கண்களையும் புருவங்களையும் வரைவது இதனால்தான்.

ஆயினும் முகம் இல்லாமலும் இது நடக்கிறது. 2020இல் வந்து அடுத்த ஆண்டே ஆஸ்கர் பெற்ற ‘மை ஆக்டபஸ் டீச்சர்’ ஆவணப்படத்தின் நாயகி, தென்னாப்பிரிக்கக் கடலில் வாழ்ந்த ஒரு கணவாய் இனத்து எண்காலி. அதற்குப் புன்னகையோ புருவமோ கிடையாது. ஒரே உயிரை நாள்தோறும் திரும்பத் திரும்பச் சென்று பார்த்த ஒருவரின் பொறுமையும், அந்த உயிரின் ஆயுள் மிகக் குறுகியது என்ற அறிவுமே பார்ப்பவரைக் கலங்கச் செய்கின்றன. நேரம் கொடுத்துப் பார்த்தால் பெரும்பாலான உயிர்கள் நம் இரக்கத்துக்குள் வந்துவிடும் என்றே தோன்றுகிறது. படங்கள் அந்த நேரத்தைப் பெரும்பாலும் நாய்களுக்கும் குதிரைகளுக்கும் மட்டுமே ஒதுக்குகின்றன.

கணினி வரைகலையில் உருவான விலங்குக்காக அழுவது அசட்டுத்தனம் இல்லையா?

முக்கோணத்துக்காக வருந்தியவர்களைப் பற்றி மேலே படித்தீர்கள். மேலும், வரைகலை விலங்கு எந்தக் கூண்டிலும் அடைபடவில்லை, எந்தச் சாட்டையையும் அறியாது என்பதால், அதற்காக அழும்போது குறைந்தபட்சம் மனச்சான்று உறுத்தாது.

ஹாச்சிகோவின் கதை உண்மையாக நடந்ததா?

நடந்தது. டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் பேராசிரியராக இருந்த உயெனோ ஹிதெசபுரோ வளர்த்த அகிட்டா இன நாய் அது. பேராசிரியர் 1925 மே மாதம் பணியிடத்தில் திடீரென்று இறந்தார். அதன்பின் அந்த நாய் அவரை எதிர்பார்த்து ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வந்து காத்திருந்தது. 1935 மார்ச் 8 அன்று இறக்கும்வரை அது தொடர்ந்தது. 1932இல் ஒரு நாளிதழ்ச் செய்தி அதை நாடறியச் செய்தது. 1934இல் நிலையத்தின் முன் சிலை திறக்கப்பட்டபோது ஹாச்சிகோ உயிரோடு அங்கே இருந்தது. 1987இல் ஜப்பானியப் படமும், 2009இல் கதையை அமெரிக்கச் சிற்றூருக்கு மாற்றிய ஆங்கிலப் படமும் வந்தன.

நிலையத்தருகே கிடைத்த உணவுக்காகத்தான் அது வந்தது என்று சொல்வோரும் உண்டு. அதற்கு அங்கே உணவு கொடுத்தவர்கள் இருந்தார்கள் என்பது உண்மையே. பாதுகாக்கப்பட்ட அதன் உறுப்புகளைப் பின்னாளில் ஆராய்ந்தபோது வயிற்றில் இறைச்சி வாட்டும் குச்சிகள் இருந்தது உறுதியானது. ஆனால் அது பெரும் புகழடைவதற்கு முந்தைய ஆண்டுகளில் நிலையத்தில் துரத்தலையும் அடியையும் வாங்கியது என்ற பதிவும் இருக்கிறது. பசியும் பற்றும் ஒரே விலங்கிடம் சேர்ந்து இருக்க முடியாது என்று நினைப்பது ஏன் என்று எனக்கு விளங்குவதில்லை. மனிதர்களிடம் நாம் அந்தத் தூய்மையை எதிர்பார்ப்பதில்லையே.

ஆவணப்படங்களில் காண்பதை நம்பி அழலாமா?

எச்சரிக்கையோடு அழலாம். 1958இல் வந்து ஆஸ்கர் விருதும் பெற்ற டிஸ்னியின் ‘ஒயிட் வைல்டர்னஸ்’ படத்தில், லெம்மிங் என்னும் வடதுருவச் சிற்றெலிகள் கூட்டமாகப் பாறை விளிம்பிலிருந்து குதித்துச் சாகும் காட்சி இருக்கிறது. கடலே இல்லாத கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துக்கு எலிகளை விலைக்கு வாங்கி வந்து, படக்குழுவினரே அவற்றை ஆற்றுக்குள் தள்ளிப் படமெடுத்தார்கள் என்பதைக் கனடியத் தொலைக்காட்சி 1982இல் வெளிப்படுத்தியது. லெம்மிங்குகள் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்வதில்லை. இப்படிப்பட்ட மோசடி அரிது. ஆனால் பல விலங்குகளைப் படமெடுத்து ஒன்றின் கதையாகத் தொகுப்பதும், தொலைவிலிருந்து எடுத்த காட்சிகளுக்கு ஒலிக்கூடத்தில் காலடி ஓசையும் மூச்சொலியும் சேர்ப்பதும் இன்றும் இத்துறையில் வழக்கமான நடைமுறைகளே. பாம்புகளிடமிருந்து தப்பியோடும் இளம் உடும்பு ஒன்றின் புகழ்பெற்ற 2016ஆம் ஆண்டுக் காட்சிகூட ஒன்றுக்கு மேற்பட்ட உடும்புகளைக் கொண்டு தொகுக்கப்பட்டதே.

ஏன் அவர்கள் காப்பாற்றாமல் படமெடுத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்ற கோபமும் பலருக்கு வருகிறது. இயற்கையில் தலையிடுவதில்லை என்பது இத்துறையின் பொது மரபு. ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று பட்டினி கிடக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். 2018இல் வெளியான பிபிசியின் ‘டைனஸ்டீஸ்’ தொடருக்காக அண்டார்க்டிக்காவில் தங்கியிருந்த குழுவினர், பனிப்பள்ளத்தில் குஞ்சுகளோடு சிக்கிக்கொண்ட பேரரசப் பெங்குயின்கள் ஏறி வருவதற்குப் பனியை வெட்டிச் சரிவுப் பாதை அமைத்தார்கள். அங்கே எந்த வேட்டை விலங்கின் உணவும் பறிபோகவில்லை என்பதால், அவர்கள் செய்தது சரி என்றே கருதுகிறேன்.

படப்பிடிப்பில் விலங்குகள் உண்மையிலேயே துன்புறுத்தப்படுகின்றனவா?

முன்பு மிக மோசமாகத் துன்புறுத்தப்பட்டன. ஓடும் குதிரைகளின் காலில் கம்பி கட்டித் தடுக்கி விழச் செய்வது மேற்கத்தியக் குதிரைவீரர் படங்களில் சாதாரணமாக இருந்தது. 1939இல் ஒரு படத்துக்காகக் குதிரை ஒன்று செங்குத்தான பாறையிலிருந்து நீருக்குள் விழச் செய்யப்பட்டு இறந்ததும் எதிர்ப்பு எழுந்தது. அதைத் தொடர்ந்து 1940இல் அமெரிக்க விலங்கு நல அமைப்பு ஒன்று ஹாலிவுட் படப்பிடிப்புகளைக் கண்காணிக்கத் தொடங்கியது. எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை என்று படத்தின் முடிவில் வரும் அறிவிப்பு அந்தக் கண்காணிப்பின் வழியே வந்தது. அந்த அறிவிப்பு முதன்மையாகத் தளத்தில் நடந்ததைக் குறிக்கிறது. விலங்கு எங்கிருந்து கொண்டுவரப்பட்டது, எப்படிப் பழக்கப்பட்டது, படம் முடிந்தபின் எங்கே போனது என்பவை அதற்குள் முழுமையாக அடங்குவதில்லை. ‘பேப்’ படத்தின் பன்றிக்குட்டியை நினைத்துப் பாருங்கள்: குட்டிகள் விரைவில் வளர்ந்துவிடுவதால் அந்த ஒரே பாத்திரத்துக்கு 48 குட்டிகள் பயன்பட்டன. நாம் நேசித்த ஒரு பன்றி உண்மையில் 48 பன்றிகள்.

நாம் விடும் கண்ணீரால் விலங்குகளுக்கு ஏதேனும் நன்மை உண்டா?

உண்டு, தீமையும் உண்டு. 1993இல் வந்த ‘ஃப்ரீ வில்லி’ படத்தில் சிறுவன் ஒருவன் ஓர்க்கா திமிங்கிலத்தை விடுவிக்கிறான். அதில் நடித்த கெய்க்கோ என்னும் திமிங்கிலமோ படத்துக்குப் பின்னும் மெக்சிகோவில் ஒரு சிறு தொட்டியில் நோயுற்றுக் கிடந்தது. அது தெரிந்ததும் ரசிகர்கள், அவர்களில் ஏராளமான குழந்தைகள், பணம் திரட்டினார்கள். 1996இல் அமெரிக்காவின் ஓரிகனுக்கும், 1998இல் அது பிடிபட்ட ஐஸ்லாந்துக் கடலுக்கும் அது கொண்டு செல்லப்பட்டது. 2002இல் திறந்த கடலில் நீந்தி நார்வேயை அடைந்த அது, அங்கும் மனிதர்களையே தேடிப்போய், 2003 டிசம்பரில் நிமோனியாவால் இறந்தது. வாழ்நாளில் பெரும்பகுதியைத் தொட்டியில் கழித்த உயிருக்குப் படத்தின் முடிவைப்போல ஒரே தாவலில் விடுதலை கிடைத்துவிடவில்லை. ஆயினும் கடைசி ஆண்டுகளை அது கடலில் கழித்தது என்பதைச் சிறிய செய்தியாக நான் கொள்ள மாட்டேன். 2013இல் வந்த ‘பிளாக்ஃபிஷ்’ ஆவணப்படம் எழுப்பிய எதிர்ப்புக்குப் பின், 2016இல் கடல்விலங்குக் காட்சிப் பூங்காக்களை நடத்தும் சீவேர்ல்டு நிறுவனம் ஓர்க்காக்களை இனப்பெருக்கம் செய்விப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. ஒரு படம் பார்வையாளரின் கோபத்தைக் குறிப்பிட்ட ஒரு நடைமுறையை நோக்கித் திருப்பும்போது பலன் கிடைக்கிறது.

மறுபக்கம், நாய்களைக் காட்டும் படங்கள் வெற்றி பெற்றால் அந்த இனத்தை வாங்குவோர் பெருகுவதையும், அந்தத் தாக்கம் பத்தாண்டுகள் வரைகூட நீடிப்பதையும் அமெரிக்க நாய்ப் பதிவுகளை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. திரையில் கண்ட நாய் பயிற்சி பெற்றது. வீட்டுக்கு வருவது ஓட இடம் கேட்கும், குரைக்கும், பொருட்களைக் கடித்துக் குதறும் ஒரு குட்டி. படம் பார்த்த வாரத்தில் நாய் வாங்காதீர்கள் என்பதைத் தவிர இங்கே சொல்ல வேறில்லை.

ஒரு படம் என்னை வலிந்து அழவைக்கிறதா, நேர்மையாக நடந்துகொள்கிறதா என்பதை எப்படி அறிவது?

அழுதுகொண்டிருக்கும்போது அறிய முடியாது. மறுநாள் யோசித்துப் பார்க்கலாம். விலங்கு அந்தப் படத்தில் தன் இனத்துக்குரிய வாழ்க்கையை வாழ்கிறதா, அல்லது ஒரு மனிதர் திருந்துவதற்காகச் சாக மட்டும் வந்ததா என்று கேட்டுப் பாருங்கள். இசையை நீக்கிவிட்டால் காட்சியில் ஏதேனும் எஞ்சுகிறதா என்பதும் நல்ல சோதனை.

பிரெஞ்சு இயக்குநர் ராபெர் பிரெஸ்ஸோன் 1966இல் எடுத்த ‘ஓ அஸார் பல்தஸார்’ படத்தில் ஒரு கழுதை கைமாறிக் கைமாறிப் பலரிடம் உழைக்கிறது. பயிற்சி பெற்ற கழுதை வேண்டாம் என்று இயக்குநர் தீர்மானமாக இருந்தார். அது எதையும் நடித்துக் காட்டுவதில்லை. மனிதர்கள் அதன் முன்னால் செய்யும் கொடுமைகளையும் சிறு அன்புகளையும் பார்த்தபடி நிற்கிறது, அவ்வளவுதான். இறுதியில் மலைச்சரிவில் ஆடுகளுக்கு நடுவே அது படுத்து இறக்கும்போது, அழு என்று யாரும் கட்டளையிடாத அந்த இடத்தில் பலர் அழுதிருக்கிறார்கள். இப்படத்தை எல்லாருக்கும் பரிந்துரைக்க முடியாது, மிகவும் மெதுவாகச் செல்லும். ஆனால் கழுதையைக் கழுதையாகவே இருக்கவிட்டு ஒருவரைக் கலங்க வைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

எனக்கு இத்தகைய படங்களில் அழுகையே வருவதில்லை. நான் கல்நெஞ்சக்காரரா?

அல்ல. கண்ணீர் வருவது உடல்வாகு, வளர்ப்பு, அன்றைய களைப்பு எனப் பலவற்றைச் சார்ந்தது. அழாதவர் அடிபட்ட நாயை மருத்துவரிடம் தூக்கிச் செல்வதும், அழுதவர் அதைக் கடந்து போவதும் உண்டு.

வளர்த்த நாயை இழந்தபின் இவ்வகைப் படங்களைப் பார்க்கவே முடியவில்லை. என்ன செய்வது?

பார்க்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. செல்லப்பிராணியின் இழப்பில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: மனிதர் இறந்தால் துக்கம் கேட்க ஆட்கள் வருவார்கள், விடுப்பு கிடைக்கும், சடங்குகள் நாட்களை நிரப்பும், நாய் இறந்தால் மறுநாளே வேலைக்குப் போக வேண்டும், இன்னொன்று வாங்கிக்கொள்ளலாமே என்ற ஆறுதலையும் கேட்க வேண்டும். சுற்றத்தாரால் முழுமையாக ஏற்கப்படாத இத்தகைய துக்கத்தைப் பற்றி, இழப்புத் துயரை ஆராய்ந்த கென்னத் டோக்கா 1989இல் எழுதியது முதல் ஆலோசகர்கள் இதைக் கருத்தோடு அணுகி வருகிறார்கள். வெளியே இடம் கிடைக்காத அழுகை, பல மாதங்களுக்குப் பின் ஏதோ ஒரு படத்தின் சாக்கில் வெளிப்படுவது மிக இயல்பு. அப்போது நீங்கள் திரையில் இருக்கும் நாய்க்காக அழவில்லை. அதில் தவறும் இல்லை. கருணைக்கொலைக்குச் சம்மதித்தவர்களுக்கு இத்தகைய காட்சிகள் குற்ற உணர்வையும் கிளறும். அந்த முடிவை எடுக்க உதவிய மருத்துவரிடம் மீண்டும் ஒருமுறை பேசுவது பலருக்குப் பயன்பட்டிருக்கிறது. உறக்கமும் உணவும் பல வாரங்களாகக் கெட்டிருந்தால் மனநல ஆலோசகரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

குழந்தைகளுக்கு இத்தகைய படங்களைக் காட்டலாமா?

காட்டலாம், உடன் அமர்ந்து. இறந்தது திரும்பி வராது என்பதைக் குழந்தைகள் பொதுவாக 5 முதல் 7 வயதுக்குள்தான் தெளிவாகப் புரிந்துகொள்கிறார்கள். அதற்கு முன் பார்த்தால் அடுத்த காட்சியில் அம்மா மான் எப்போது வரும் என்றே காத்திருப்பார்கள். 1942இல் வந்த ‘பாம்பி’யில் தாய் மானின் உடலைக் காட்டவே இல்லை, துப்பாக்கி ஒலி கேட்கிறது, பனி பொழிகிறது, குட்டி தேடுகிறது. காட்டாமல் விட்டதாலேயே அது தலைமுறைகளாக நினைவில் நிற்கிறது. குழந்தை கேட்கும்போது தூங்கிவிட்டது என்று சொல்லாமல், இறந்துவிட்டது என்றே சொல்லுங்கள். இல்லாவிட்டால் அன்றிரவு தூங்கவே அஞ்சும். அழுகிற குழந்தையிடம் இது வெறும் படம் என்று சொல்வதும் உதவாது. அது குழந்தைக்கும் தெரியும்.

விலங்கு இறந்துவிடுமா என்பதை முன்பே தெரிந்துகொண்டு பார்ப்பது தவறா?

தவறே இல்லை. இதற்கென்றே ‘டஸ் த டாக் டை’ என்னும் இணையதளம் 2010 முதல் இயங்குகிறது. படத்தின் பெயரைக் கொடுத்தால், அதில் நாயோ பூனையோ குதிரையோ இறக்கிறதா என்பதைப் பார்த்தவர்களே பதிந்திருப்பார்கள். முடிவு தெரிந்தால் சுவை கெட்டுவிடும் என்ற அச்சம் இவ்வகைப் படங்களுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை, ஏனெனில் உண்மைக் கதையைத் தழுவிய படங்களுக்கு வருகிறவர்களில் பலர் முடிவைத் தெரிந்துகொண்டே வருகிறார்கள். தளத்தின் குறிப்புகளில் சிலர் அந்தக் காட்சி எந்த இடத்தில் வருகிறது என்பதையும் எழுதி வைக்கிறார்கள். குழந்தையோடு பார்க்க உட்காருகிறவர்களுக்கு அது மிகவும் பயன்படும்.